தெளிந்த தண்ணீரில் வளரும் கொசு



திருவனந்தபுரத்தில் தம்பானூர் எல்லோருக்கும் தெரிந்த இடம். ரயில் நிலையம் அங்கே இருக்கிறது. எதிரிலேயே பஸ் நிலையம். நாகர்கோவில் பஸ்ஸும் அங்கிருந்து புறப்படும்.

தம்பானூர் தாழ்வான பகுதி. பெருமழை பெய்தால் தெருவில் தண்ணீர் தேங்கும். ஆமையிழஞ்சான் தோடு என்னும் ஓடை ரயில் பாதைக்கு அடியில் செல்கிறது. அதில் குப்பை அடைத்துக் கிடந்தது. 2024 ஜூலையில் அதைச் சுத்தம் செய்ய இறங்கிய தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார்.

அந்த ஓடை சுத்தமாக இருக்க வேண்டும். ஆனால் ஓடை சுத்தமானால் மட்டும் டெங்குக் காய்ச்சல் போய்விடுமா? போகாது. ஏன்?

டெங்குவைப் பரப்புவது ஏடிஸ் கொசு. அதன் உடல் கறுப்பு. காலில் வெள்ளை வளையங்கள் இருக்கும். அது பகலில் கடிக்கும். காலையிலும், மாலை இருட்டும் முன்பும் அதிகம் கடிக்கும். சாக்கடையை அது அவ்வளவாக நாடுவதில்லை. தேங்கி நிற்கும் தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும்.

அந்தத் தண்ணீர் எங்கே இருக்கிறது? மூடாத தொட்டியில். பூந்தொட்டியின் அடித்தட்டில். பிரிட்ஜின் பின்தட்டில். பழைய டயரில், சிரட்டையில், ஆட்டுக்கல் குழியில். வீசி எறிந்த பிளாஸ்டிக் டம்ளரில்கூட.

கேரளத்தில் டெங்கு 1997-இல் கோட்டயம் மாவட்டத்தில் முதலில் கண்டறியப்பட்டது. 2017-இல் மாநிலத்தில் ஏறத்தாழ 20,000 பேருக்கு வந்தது. திருவனந்தபுரம் மாவட்டம் மிக அதிகமாகப் பாதிக்கப்பட்டது.

டெங்கு, தொட்டால் ஒட்டும் நோய் அல்ல. நோயாளியைக் கடித்த கொசு, சில நாள் கழித்து அடுத்தவரைக் கடிக்கும்போது கிருமி பரவும். தம்பானூருக்குத் தினமும் பல ஊர் மக்கள் வருகிறார்கள். அவர்களோடு கிருமியும் வரலாம். அதைத் தடுப்பது கடினம். கொசுவைத் தடுப்பது எளிது.

முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனால் வாரம் ஒரு முறை தண்ணீரைக் கொட்டினால் கொசு பிறக்காது. கொட்டினால் மட்டும் போதாது. முட்டை தொட்டியின் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தேங்காய் நாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு மூடி வைக்க வேண்டும்.

கேரளத்தில் இதற்கென்று நாள் வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பள்ளிகளில், சனிக்கிழமை அலுவலகங்களில், ஞாயிற்றுக்கிழமை வீடுகளில். இந்தக் கொசு அதிக தூரம் பறக்காது. ஒரு தெருவே சேர்ந்து செய்தால் அந்தத் தெரு தப்பிக்கும். ஒரு வீடு விட்டுப்போனால் அடுத்த வீட்டுக்கும் ஆபத்து.

காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? திடீரென்று கடுங்காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பு வலி, வாந்தி ஆகியவை டெங்குவின் அடையாளங்கள். உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்றவை இரத்தக்கசிவை அதிகமாக்கும். கஞ்சி, இளநீர், உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். நோயாளியைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். காய்ச்சல் குறைந்ததும் ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ண வேண்டாம். அப்போதுதான் சிலருக்கு நோய் முற்றும். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம், கறுப்பு மலம், மிகுந்த சோர்வு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் தாமதிக்கக் கூடாது. மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

ஓடையைத் தூர் வாருவது அரசின் வேலை. அதைக் கேட்டுப் பெற வேண்டும். வீட்டுத் தொட்டியைக் கழுவுவது வீட்டில் உள்ளவர்களின் வேலை. வரும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள். பக்கத்து வீட்டாரையும் கூப்பிடுங்கள்.