மை ஒட்டிய விரல்



வயிற்றுக்கு ஒரு வேலை, மனசுக்கு ஒரு வேலை. இரண்டும் ஒன்றாக அமைவது எத்தனை பேருக்கு வாய்க்கிறது? இதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். நெய்வேலியில் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பீர்கள், கடலூர்த் துறைமுகத்தில் வலை பிரித்துக்கொண்டிருப்பீர்கள். கை வேலையைப் பார்க்கட்டும், காதை மட்டும் எனக்குக் கொடுங்கள்.

நான் கம்பாசிட்டர், அச்சுக் கோத்தவன். 1974-இல் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அப்பா தவறிவிட்டார். வீட்டுக்கு நான்தான் மூத்தவன். சிதம்பரம் கீழவீதிப் பக்கம் ஓர் அச்சகத்தில் சேர்ந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் கூலி கையில் வரும், அதற்காகத்தான் சேர்ந்தேன். அங்கே அதிகம் அடித்தது கடைகளுக்கான பில் புத்தகம். அதற்கு அடுத்தபடி கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை.

ஆனால் அந்த எழுத்துகள்! ஈய எழுத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் உங்களில் எத்தனை பேர் இருப்பீர்களோ! சாய்ந்த மரப்பெட்டியில் கட்டம் கட்டமாக அறைகள், ஒவ்வோர் அறையிலும் ஓர் எழுத்து. இடது கையில் எழுத்தை அடுக்கும் ஸ்டிக், வலது கை அறைக்கு அறை ஓடும். ஸ்டிக்கில் எழுத்து தலைகீழாக நிற்கும், அதன் முகமும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாறியிருக்கும். சில மாதங்களில் கண் அதற்குப் பழகிவிடும். அப்புறம் ‘ழ’ எந்த அறையில் என்று தேட வேண்டாம், விரலுக்கே தெரியும். ‘லை’, ‘ணை’ எல்லாம் அப்போது யானை தும்பிக்கையைத் தூக்கியதுபோல் இருக்கும். 1978-இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்து 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. தும்பிக்கை எழுத்துகள் அறையிலேயே தங்கிப்போயின. அதில் ஒரு ‘லை’ இதோ, பேசிக்கொண்டிருக்கும் இந்த நேரத்திலும் என் சட்டைப்பையில் இருக்கிறது.

அச்சு முடிந்ததும் எழுத்துகளைப் பிரித்து அந்தந்த அறையில் போட வேண்டும். நேற்றுக் கல்யாணப் பத்திரிகையில் நின்ற ‘ம’ இன்றைக்குக் கருமாதிப் பத்திரிகையில் நிற்கும், நாளைக்கு அரிசிக்கடை பில்லில் நிற்கும். இது உசத்தி, அது மட்டம் என்ற பேதம் அந்த எழுத்துக்கு இல்லை. எனக்கு இருந்தது. புத்தகம் கோத்தால்தான் வேலை, மற்றதெல்லாம் பிழைப்பு என்று நினைத்தேன்.

அந்த நினைப்பை மாற்றியவர் கிள்ளைப் பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து வந்த ஒருவர். தாயாரின் கருமாதிக்கு ஐம்பது பத்திரிகை அடிக்க வந்திருந்தார். படிக்கத் தெரியாது. முதல் தாளை எடுத்து நீட்டினேன். “தம்பி, இதுல எங்க ஆத்தா பேரு எங்க இருக்கு?” என்றார். அவர் விரலைப் பிடித்து அந்தப் பேரின் மேல் வைத்தேன். மை காயவில்லை, விரலில் ஒட்டிக்கொண்டது. அவர் துடைக்கவில்லை. “பெரிய எழுத்தாவே போட்டிருக்க தம்பி” என்று மட்டும் சொன்னார். அந்த அம்மாவின் பேர் அச்சில் வந்தது அதுவே முதல் தடவையாக இருந்திருக்கும், அதைக் கோத்தது என் கை. அன்றைக்குப் பிறகு நான் எந்தக் கருமாதிப் பத்திரிகையையும் ஒரு முறைக்கு மூன்று முறை புரூஃப் பார்க்காமல் மெஷினுக்கு அனுப்பியதில்லை.

நம் ஊர்க்காரர் ஜெயகாந்தனை இங்கே சொல்லாமல் போக முடியாது. 1934-இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு சின்ன வயதிலேயே நின்றுபோனது. சென்னைக்குப் போய், கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் வளர்ந்து, அச்சுக் கோத்தார், புரூஃப் பார்த்தார். அந்தக் கைக்குத்தான் 1972-இல் சாகித்திய அகாதெமி பரிசும், பிறகு 2002-ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருதும் வந்தன. அவர் கதைகளில் ஏழை எளியவர்கள் பேசுகிற பேச்சை எந்தக் கல்லூரி கற்றுக்கொடுத்தது? வயிற்றுப்பாட்டுக்குப் போன இடத்திலெல்லாம் அவர் காதைத் திறந்து வைத்திருந்தார்.

வேலையை விட்டு வந்து சாதித்தவர்களும் உண்டு. ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளி வேலையை 1848-இல் விட்டார். பள்ளி நடத்தினார், அச்சகம் வைத்தார், பழைய நூல்களைப் பிழை நீக்கிப் பதிப்பித்தார். 1864-இல் சிதம்பரத்திலும் பள்ளி தொடங்கினார். ஆனால் குடும்ப வாழ்க்கையே வேண்டாம் என்று இருந்தவர் அவர். தங்கைக்குக் கல்யாணம் செய்ய வேண்டியிருந்த என்னைப் போன்றவர்களுக்கு அது முடியாது. முடியாதவர்கள் அதை நினைத்துக் குன்றிப்போக வேண்டாம். வீட்டில் உலை கொதிக்க உழைப்பது அர்த்தமில்லாத காரியமா, சொல்லுங்கள்!

இன்னொன்று. ‘இது சேவை, மனநிறைவு கிடைக்கிறதே’ என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைக்கிறவர்களை நம்பாதீர்கள். மனநிறைவைக் கொடுத்துப் பள்ளிக்கூடத்தில் ஃபீஸ் கட்ட முடியாது. வேலை பிடித்திருந்தாலும் கூலி கூலிதான்.

நேரம் நெருங்கிவிட்டது. ஆஃப்செட் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது, எங்கள் அச்சகம் மூடியது, அதெல்லாம் இன்னொரு நாள் பேச்சு. முடிக்கும் முன் ஒன்று: வடலூரில் பசித்தவர்களுக்காக வள்ளலார் 1867 மே 23-இல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. இன்று காலையும் யாரோ ஒருவர் அந்த அடுப்படியில் நின்றிருப்பார். அவருக்கும் வீட்டில் மளிகைக் கடன் இருக்கும். ஆனாலும் அவர் கிளறிய சோறு, பசித்து வந்த ஒருவரின் இலையில் விழுந்திருக்கும். உங்கள் கையிலிருந்து போவதும் அப்படி யாரோ ஒருவரிடம் போய்ச் சேருகிறது. அந்த முகத்தை ஒரு நாளாவது பார்க்கிற பாக்கியம் உங்களுக்குக் கிடைக்கட்டும்.