இரண்டு அணிகளின் கோபாலன்

எம். ஜே. கோபாலன் 1909இல் பிறந்தார். செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சென்னைத் திருவல்லிக்கேணிக்கு வந்த குடும்பம் அவருடையது. அவரது வேகப்பந்து வீச்சை இனங்கண்ட துடுப்பாட்ட வீரர் சி. பி. ஜோன்ஸ்டன் பர்மா ஷெல் நிறுவனத்தில் வேலைக்கும் வழிசெய்தார். துடுப்பாட்டம், ஹொக்கி இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடும் பேறு கோபாலனுக்குக் கிடைத்தது.

1934 ஜனவரியில் கல்கத்தாவில் ஜார்டின் தலைமையிலான இங்கிலாந்து அணிக்கு எதிராக அவர் ஆடியதே அவரது ஒரே டெஸ்ட் போட்டி. அதே ஆண்டு நவம்பர் 4ஆம் திகதி, சேப்பாக்கத்தில் மைசூருக்கு எதிராக ரஞ்சிக் கிண்ண வரலாற்றின் முதற்பந்தை வீசினார். ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. அடுத்த ஆண்டு தியான் சந்துடன் நியூசிலாந்துக்கு ஹொக்கி ஆடப் போனார்.

1936இல் இரண்டு அழைப்புகள் ஒன்றாக வந்தன. பேர்ளின் ஒலிம்பிக்குக்கான ஹொக்கி அணித் தேர்வு ஒரு பக்கம், இங்கிலாந்துக்கான துடுப்பாட்டச் சுற்றுப்பயணம் மறுபக்கம். கோபாலன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அங்கே ஒரு டெஸ்டிலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஓகஸ்ட் 15ஆம் திகதி ஹொக்கி அணியோ ஜேர்மனியை 8–1 என வென்று தங்கம் பெற்றது. அவர் பிழையாகத் தெரிவு செய்தார் என்று இன்றும் எழுதுகிறார்கள். முடிவு தெரிந்த பின் சொல்லும் தீர்ப்பு அது, நியாயமானதல்ல. நமீபியாவின் வைத்தியர் ரூடி வான் வூரன் 2003இல் துடுப்பாட்டம், றக்பி ஆகிய இரு உலகக் கிண்ணங்களிலும் ஆடினார். ஒன்று பெப்ரவரியிலும் மற்றது ஒக்டோபரிலும் தொடங்கியதால் இரண்டும் அவருக்கு இயன்றன. கோபாலனுக்கு நாட்காட்டி அந்த இடைவெளியைத் தரவில்லை.

தங்கம் வென்ற அணியில் இல்லாத அவரது பெயரை இலங்கை நன்கு அறியும். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடிக்கொண்டிருந்த 1950களில், சென்னை அணியும் இலங்கை அணியும் கோபாலன் கிண்ணத்துக்காக மோதத் தொடங்கின. அதற்கு முன்பே, 1947இல், இலங்கையின் மகாதேவன் சதாசிவம் சேப்பாக்கத்தில் தென்னிந்தியாவுக்கு எதிராக 215 ஓட்டங்கள் குவித்திருந்தார். 1981இல் டெஸ்ட் தகுதி கிடைக்கும்வரை இலங்கை வீரர்களுக்கு முதல்தரப் போட்டிகள் அரிது. அந்தக் குறையை ஓரளவு தீர்த்தது இந்தக் கிண்ணம். ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற கோபாலன் இந்திய அணித் தேர்வாளராகவும் பணியாற்றி, 2003 டிசம்பரில் சென்னையில் காலமானார்.