குருகு என்னும் சொல்



குறுந்தொகை 25ஆம் பாடலில் கபிலர் ஒரு பறவையைச் சாட்சியாக நிறுத்துகிறார். தலைவனும் தலைவியும் கூடிய பொழுதில் அங்கிருந்தது அதுவொன்றே. அதன் பார்வையோ ஓடுநீரில் வரும் ஆரல்மீன்மேல். வாய் பேசாத, கண்ணும் வைக்காத சாட்சி. அதன் பெயர் குருகு.

காவிரிப் படுகையில் ஆரல் இன்றும் ஆரலே. குருகு மட்டும் உழவர் வாயில் இல்லை. சேற்றில் இரைதேடுவது கொக்கு. மாட்டை ஒட்டித் திரிவது உண்ணிக்கொக்கு. வாய்க்கால் ஓரத்தில் மண்ணோடு மண்ணாய்க் குறுகி நிற்பது மடையான். மடையைச் சார்ந்து வாழ்வதால் வந்த பெயர் என்று கொள்வதே இயல்பு. மடையன் என்னும் சொல்லுக்குச் சமையற்காரன் என்றும் பொருளுண்டு; அங்கே மடை என்பது சோறு. இரண்டையும் குழப்புதல் ஆகாது.

குருகுக்கு அகராதி தரும் பொருள்கள் பல: நாரை, கொக்கு, பொதுவாகப் பறவை, கைவளை, குருக்கத்திக் கொடி, கொல்லன் உலைத்துருத்தி. வெண்பறவையையும் சங்குவளையையும் நிறத்தால் இணைத்துவிடலாம். கரிபடிந்த துருத்தியை எதனோடு இணைப்பது? எல்லாவற்றையும் ஒரே வேரில் கட்டிவைக்கும் ஆசை ஆராய்ச்சிக்கு உதவாது. ஒலியொத்த வெவ்வேறு சொற்கள் ஓரிடத்தில் கூடின என்பதே பொருந்தும். சிலேடை பாடுவோர்க்கு அது கொண்டாட்டம், வேறு கதை.

ஊர்ப்பெயரிலும் இச்சிக்கல் உண்டு. சீர்காழிக்கு அருகிலுள்ள திருக்குருகாவூரில் இருப்பது பறவையா, கொடியா? கீழ்வேளூர்ப் பக்கத்துக் குருக்கத்தியில் ஐயமில்லை, அது கொடியே.

இறையனார் களவியலுரை, தலைச்சங்க நூல்களாக முதுநாரை, முதுகுருகு என இரண்டைத் தனித்தனியே சொல்கிறது. நூல்கள் கிடைக்கவில்லை. ஆயினும் நாரை வேறு, குருகு வேறு என்று கண்ட ஒரு காலத்தை அப்பெயர்கள் காட்டுகின்றன. இன்று கவிதையில் 'குருகு' என எழுதுவோர் எப்பறவையைக் கண்டு எழுதுகின்றனர்?

அயர்லாந்து மொழியில் 'கொர்' என்றொரு பெயர். பெருங்கொக்குக்கும் நாரைக்கும் வழங்கியது. ஒற்றை, கூர்மை என்னும் பொருள்களும் அதற்குண்டு. பெருங்கொக்கு அத்தீவில் சில நூற்றாண்டுகளுக்குமுன் அற்றுப்போயிற்று. பெயர் நாரையிடம் தங்கிற்று. அங்கே பறவை போய்ப் பெயர் நின்றது. தஞ்சை வயல்களில் பெயர் போயிருக்கிறது. பறவை ஆரலைப் பார்த்தபடி நிற்கிறது.