பூட்டிய கதவும் இறங்கிய கண்ணாடியும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு கார்த் திறப்பைப் பற்றி. அந்தத் திறப்பினாலே ஒரு பிள்ளை மீது நான் சுமத்திய பழியைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும்.

2020 மார்ச்சிலே நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி, 2025 பெப்ரவரியிலே மீண்டும் தொடங்கியது. அதன் பின் வந்த கார்களுள் ஒன்றை மகளும் மருமகனும் வாங்கி, யாழ்ப்பாணத்திலே எங்கள் வீட்டு முற்றத்து மாமரத்தின் கீழே கொண்டுவந்து நிறுத்தினார்கள். யப்பானிலே சிறிது காலம் ஓடிய கார்தான். ஆனாலும் எங்களுக்கு அது புதுக் கார். முப்பது ஆண்டுகள் சைக்கிளிலே பள்ளிக்கூடம் போய்வந்து படிப்பித்த எனக்கு, அதன் திறப்பே பெரிய புதினம். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கறுப்புக் கட்டி. துவாரத்திலே விட்டுத் திருப்பும் வேலை இல்லை. பொத்தானை அமத்தினால் விளக்குகள் இரண்டு தரம் மின்னும், கதவு திறந்துகொள்ளும். கூடவே ஒரு கைந்நூலும் வந்தது. முழுவதும் யப்பான் மொழி. ஒரு தரம் புரட்டிப் பார்த்துவிட்டு அதைக் காருக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டிலே ஒரு தம்பி இருக்கிறான். உயர்தரம் படிக்கிறவன். ஞாயிறு தோறும் விடிய வந்து காரைக் கழுவித் தருவான். நாங்கள் எழும்பும்வரை காத்திருக்க வேண்டாம் என்று, இரண்டு திறப்புகளிலே ஒன்றை அவனிடமே கொடுத்து வைத்திருந்தேன்.

ஐப்பசி மழை தொடங்கியது. ஒருநாள் காலையிலே பார்த்தால், காரின் நான்கு கண்ணாடிகளும் கீழே இறங்கிக் கிடக்கின்றன. இருக்கைகள் எல்லாம் தெப்பமாக நனைந்துவிட்டன. கதவை இழுத்துப் பார்த்தேன். பூட்டியபடியே இருந்தது. உள்ளேயிருந்து ஒரு பொருளும் களவு போகவில்லை. நான்தான் கண்ணாடியை ஏற்ற மறந்துவிட்டேன் என்று மனைவி சொன்னா. நான்கு நாள் கழித்து மறுபடியும் அதே கோலம். அந்தக் கிழமையிலேயே மூன்றாம் முறையும் நடந்தது.

அப்போது என் மூளை கணக்குப் போட்டது. அவனைக் கூப்பிட்டேன்.

"கதவு பூட்டிக் கிடக்குது. கண்ணாடி இறங்கிக் கிடக்குது. அப்ப திறப்பு வைச்சிருக்கிற ஆள்தான் செய்திருக்க வேணும். திறப்பு ரெண்டு. ஒண்டு என்னட்டை. மற்றது உன்னட்டை. பிறகு ஆர்?"

"நான் தொடேல்லை சேர்," என்றான். அதற்கு மேலே ஒரு வார்த்தை பேசவில்லை. திறப்பைக் கொண்டுவந்து விறாந்தை மேசையிலே வைத்துவிட்டுப் போனான். அவனுடைய மௌனத்தையும் நான் ஒரு சாட்சியாகவே எடுத்துக்கொண்டேன். இரவிலே சிநேகிதர்களோடு காருக்குள் இருந்து பாட்டுக் கேட்டிருப்பான் என்று ஒரு கதையையும் மனத்துக்குள்ளே கட்டி முடித்துவிட்டேன்.

இரண்டு கிழமை போனது. ஒருநாள் மாலை, கோயிலால் வந்து விறாந்தைப் படியிலே குந்தியிருந்து, செருப்புவாரைக் கழற்றக் குனிந்தேன். காற்சட்டைப் பையிலே கார்த் திறப்பும் வீட்டுத் திறப்புக் கோர்வையும் ஒன்றாகக் கிடந்தன. நிமிர்ந்து பார்க்கிறேன், மாமரத்தின் கீழே விளக்குகள் இரண்டு தரம் மின்னின. பிறகு, பேய் பிடித்தாற் போலே, நான்கு கண்ணாடிகளும் மெல்ல மெல்ல இறங்கின. நான் அசையாமல் இருந்தேன். அரை நிமிடம் கழித்து விளக்கு மீண்டும் ஒரு தரம் மின்னியது. கதவுகள் தாமாகவே பூட்டிக்கொண்டன. கண்ணாடிகள் மட்டும் இறங்கியபடியே கிடந்தன.

ஒவ்வொரு மாலையும் நான் செருப்புக் கழற்றுவது அதே படியிலேதான்.

நேயர்களே, நீங்கள் இப்போது என் குரலை வானலையிலே கேட்கிறீர்கள். அந்தத் திறப்பும் ஒரு சின்னஞ்சிறு வானொலி நிலையந்தான். காசு போன்ற தட்டைப் பற்றரி ஒன்று அதற்கு உயிர். ஒவ்வொரு முறை அமத்தும்போதும் அது ஒரு புது இரகசிய எண்ணை அனுப்பும். தன் திறப்பின் எண் வரிசை எதுவென்று காருக்குத் தெரியும், வேறெதற்கும் செவிசாய்க்காது. 1982 இலே பிரான்ஸ் நாட்டின் ரெனோல்ற் ஃபுவேகோ என்ற காரிலே இப்படித் தூரத்திலிருந்து கதவு திறக்கும் வசதி வந்தது. அன்று கதவோடு நின்ற வேலை, இன்று கண்ணாடி வரைக்கும் வளர்ந்துவிட்டது.

திறக்கும் பொத்தானைச் சில விநாடிகள் விடாமல் அமத்தினால் கண்ணாடிகள் இறங்கும். வெயிலிலே நின்று அடுப்பாய்க் கொதிக்கும் காரிலே, ஆள் ஏறுமுன் சூடு வெளியேறட்டும் என்று செய்த ஏற்பாடு அது. திறந்த பிறகு ஒருவரும் கதவைத் தொடாவிட்டால் அரை நிமிடத்திலே தானாகவே பூட்டிக்கொள்ளும். தெரியாமல் அமத்திவிட்டாலும் கார் திறந்து கிடக்கக் கூடாது என்று செய்த ஏற்பாடு இது. தனித்தனியே பார்த்தால் இரண்டும் நல்லவை. இரண்டும் சேர்ந்த இடத்திலேதான் பூட்டிய கதவும் இறங்கிய கண்ணாடியும் உண்டாயின. அதை வைத்துத்தான் நான் ஒரு பிள்ளையைக் குற்றவாளியாக்கினேன்.

தீர விசாரிப்பதே மெய் என்று எத்தனை வகுப்புகளுக்குச் சொல்லியிருப்பேன்! வீட்டு முற்றத்திலே நான் விசாரித்தது மற்றவனின் கையை மட்டுந்தான். என் பையை நான் விசாரிக்கவில்லை.

அன்றிரவே அவர்கள் வீட்டுக்குப் போனேன். தாயார் வாசலிலே நின்று, "என்ன சேர், இன்னும் என்ன காணேல்லை?" என்று கேட்டா. அந்தக் கேள்வி எனக்கு வேண்டியதுதான். நடந்ததைச் சொல்லி, தாயும் மகனும் கேட்க மன்னிப்புக் கேட்டேன்.

மறுநாள் அவன் வந்தான். தன் கைத்தொலைபேசியை அந்த யப்பான் கைந்நூலின் மேலே பிடித்தான். திரையிலே எழுத்துகள் தமிழாக மாறின. உடைந்த தமிழ்தான், ஆனாலும் விளங்கியது. இரண்டு ஏற்பாடுகளும் அங்கே அடுத்தடுத்த பக்கங்களிலே எழுதியிருந்தன. "இந்தா இருக்குது சேர்," என்று விரலால் காட்டினான். ஒருநாள் பொறுத்திருந்தால், முதலிலேயே இதை அவனிடம் கேட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளிலே அவன் இப்போதும் வருகிறான். ஆனால் நான் எழும்பி வந்த பிறகுதான் வருகிறான். திறப்பைத் திரும்பக் கொடுத்தபோது, "அது உங்களிட்டையே இருக்கட்டும் சேர்," என்று சிரித்துக்கொண்டே சொன்னான். மூன்று முறை கேட்டும் வாங்கவில்லை. விறாந்தைச் சுவரிலே ஓர் ஆணி அடித்து அதை மாட்டிவைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் படியிலே குந்துமுன், என் திறப்பையும் எடுத்து அதன் பக்கத்திலேயே மாட்டிவிடுகிறேன்.