முதல் வரி யாருக்கு?



வளைகுடா நாடுகள் பலவற்றில் கிறிஸ்தவர்கள் நெடுங்காலம் வெள்ளிக்கிழமையில்தான் ஆராதனைக்குக் கூடினார்கள். ஞாயிறு வேலை நாள். 1967இல் திறக்கப்பட்ட துபாய் புனித மரியாள் ஆலயத்திலும் வெள்ளிதான் பெருங்கூட்டம். 2022 ஜனவரியில் அமீரகம் சனி, ஞாயிறை அரச விடுமுறையாக்கியது. கட்டாரிலும் குவைத்திலும் இன்றும் வெள்ளி விடுமுறைதான்.

பலருக்கு வாரத்தில் ஒரே ஓய்வு நாள். அன்றைக்குத்தான் மேலதிக வேலைக்கும் கூப்பிடுவார்கள். அமீரகச் சட்டப்படி அதற்கு ஈடாக வேறொரு நாள் ஓய்வு. இல்லையேல் அன்றைய சம்பளத்தோடு அடிப்படைச் சம்பளத்தில் 50 வீதமாவது கூடுதல். ஊரில் வீடு அரைகுறையாக நிற்கும்போது அது சின்னக் காசல்ல.

கடனுக்கும் மருந்துக்கும் உழைப்பதை ஆண்டவர் குறை சொல்லமாட்டார். தாதிமாருக்கு ஞாயிறும் கடமை நாள்தான். ஆனால் கடன் தீர்ந்தபின்பும், இன்னொரு மாடிக்காக, இன்னொரு காணிக்காக வாரந்தோறும் ஆலயத்தைத் தள்ளிவைத்தால் அது தேவையல்ல, ஆசை.

நான் கணக்கு எழுதுகிறவன். மாதக் கடைசியில் மிஞ்சுவதை ஒதுக்குவோம் என்றவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சுவதில்லை. நேரமும் அப்படித்தான். மத்தேயு 6:33இல் இயேசு சொல்வதும் வரிசை பற்றியே: முதலில் இறையாட்சி, மற்றவை பிறகு.

போர்க்காலத்தில் மடுவில் அடைக்கலம் புகுந்த எங்கள் சனத்திடம் மிச்சம் என்று எதுவும் இருக்கவில்லை. அங்கும் செபமாலை சொன்னார்கள். இன்று கையில் நாலு காசு உள்ள நாங்கள், அடுத்த மாத நாட்காட்டியில் முதலில் ஆராதனை நாளைக் குறிப்போம். மேலதிக வேலையை அதன்பிறகு எழுதுவோம்.