அழுத்தம் நார்மல் என்றாலும்



கண் பரிசோதனைக்குப் போய் வருகிறவர்கள் வீட்டில் சொல்வார்கள்: "பிரஷர் பார்த்தாங்க, நார்மல்னு சொல்லிட்டாங்க." கிளாக்கோமா என்கிற கண் நீர் அழுத்த நோய் பற்றிய கவலை அத்தோடு தீர்ந்துவிடுகிறது. அப்படித் தீர்த்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இன்று உங்கள் முன் வந்திருக்கிறேன்.

விழிக்குள் ஒரு நீர் இடைவிடாமல் சுரந்துகொண்டே இருக்கிறது. அழும்போது வழிகிற கண்ணீர் வேறு, இது வேறு. இது உள்ளேயே சுரந்து, விழியின் முன்புற ஓரத்தில், கோணம் எனப்படும் இடத்தில், சல்லடை போல இருக்கும் ஒரு திசு வழியே வடிந்து ரத்தத்தில் கலக்கிறது. வரத்தும் போக்கும் ஈடாக இருக்கும்வரை அழுத்தம் சீராக இருக்கும். பெரும்பாலோருக்கு அது பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டர். போக்கு தடைபட்டால் அழுத்தம் ஏறுகிறது, பின்னாலிருக்கும் பார்வை நரம்பு நசிகிறது. அந்த நரம்பில் ஏறத்தாழ 10 லட்சம் இழைகள். செத்த இழை மறுபடி உயிர்பெறுவதில்லை.

இவ்வளவும் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். ஆனால் ஜப்பானில் தஜிமி என்ற ஊரில், 40 வயதைத் தாண்டியவர்களைச் சோதித்து 2004-இல் ஒரு ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். கிளாக்கோமாவில் அதிகம் காணப்படும் திறந்த கோண வகை இருந்தவர்களில் 100-க்கு 92 பேருக்கு, அளந்த அழுத்தம் 21-ஐத் தாண்டவில்லை! ஜப்பானில் இது மிக அதிகம். ஆனாலும் இப்படிப்பட்டவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். மறுபுறம், அழுத்தம் 25 இருந்தும் நரம்பு பழுதாகாமல் வருடக்கணக்காக இருப்பவர்களும் உண்டு. ஆகவே அழுத்தத்தை மட்டும் அளந்து இந்த நோயைக் கண்டுபிடிக்க முடியாது. கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து போட்டு, நரம்பு தொடங்கும் இடத்தை மருத்துவர் கண்ணால் பார்க்க வேண்டும். அதன் நடுவே இருக்கும் குழி அகன்றிருந்தால் சந்தேகம் வரும்.

நோயாளிக்கே ஏன் தெரிவதில்லை? ஓரப் பார்வை முதலில் போகிறது. ஒரு கண்ணில் விட்டுப்போனதை மறு கண் ஈடுகட்டிவிடும், மிச்சத்தை மூளை நிரப்பிவிடும். வலி இல்லை, சிவப்பு இல்லை. கோணம் சட்டென்று மூடிக்கொள்ளும் வகையில்தான் கடும் வலியும் வாந்தியும் வரும். அது வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

தென் தமிழகத்தின் மூன்று மாவட்டங்களில், கிராமத்து மக்கள் 5,150 பேரை அரவிந்த் கண் மருத்துவமனை சோதித்தது. முடிவு 2003-இல் வெளிவந்தது. திறந்த கோண கிளாக்கோமா இருந்தவர்களில் 93 விழுக்காட்டினருக்கு அந்த நோய் இருப்பதை அதுவரை யாரும் சொன்னதில்லை. ஐந்தில் ஒருவருக்கு ஒரு கண்ணிலாவது பார்வை போயிருந்தது. இந்தக் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் கனத்துப்போகிறது.

சரி, அழுத்தம் நார்மலாக இருந்தும் நோய் வருமென்றால், அழுத்தத்தைக் குறைப்பதால் பலன் உண்டா? 1990-களில் இது மருத்துவர்களிடையே உண்மையாகவே தீராத கேள்வி. ஸ்வீடனில் மால்மோ, ஹெல்சிங்போரி நகரங்களில் ஆண்டர்ஸ் ஹெய்ல் குழுவினர் இதற்கு விடை தேடினார்கள். 44,000-க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்து, ஆரம்ப நிலையில் இருந்த 255 நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பாதிக்கு லேசரும் சொட்டு மருந்தும். மறுபாதிக்கு, அவர்கள் சம்மதத்தோடு, எந்தச் சிகிச்சையும் இல்லை. நோய் நகர்கிறதா என்று அடிக்கடி சோதித்து, நகர்ந்தால் உடனே சிகிச்சை என்பது ஏற்பாடு. 2002-இல் முடிவு வந்தது. சிகிச்சை பெற்றவர்களில் 45 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 62 விழுக்காட்டினருக்கும் நோய் முன்னேறியிருந்தது. தொடக்கத்தில் அழுத்தம் குறைவாக இருந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது. ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலே ஆபத்து ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது என்றும் தெரிந்தது. இன்று உலகெங்கும் தரும் சிகிச்சைக்கு அந்த 255 பேரும் ஒரு முக்கிய ஆதாரம். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அதே கணக்கை இன்னொரு பக்கமாகவும் பார்க்க வேண்டும். சிகிச்சை இருந்தும் 100-க்கு 45 பேருக்கு நோய் நகர்ந்தது, இல்லாமலும் 100-க்கு 38 பேருக்கு நகரவில்லை. ஒவ்வொருவருக்கும் வேகம் வேறு. அந்த வேகத்தை ஒரே நாளில் அளக்க முடியாது. வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பொத்தானை அழுத்தச் சொல்கிறார்களே, அந்தப் பார்வைப் புல சோதனையையும், நரம்பிழைப் படலத்தின் தடிமனைக் காட்டும் ஓசிடி ஸ்கேனையும் திரும்பத் திரும்ப எடுத்து, பழையதோடு ஒப்பிட்டால்தான் தெரியும். ஆகவே பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஐந்து வருடத்துக்கு முந்தைய தாள்தான் இன்றைய தாளுக்கு அர்த்தம் தருகிறது.

சொட்டு மருந்து தினமும் போட வேண்டும், ஆயுள் முழுக்க. விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். மருந்து போட்டதால் பார்வை கூடியதாக யாருக்கும் தெரிவதில்லை, காசு கரைவது மட்டும் தெரிகிறது. அதனால்தான் இங்கிலாந்தில் 718 நோயாளிகளிடம் நடந்த லைட் என்ற ஆய்வு எனக்கு நம்பிக்கை தருகிறது. சொட்டு மருந்துக்குப் பதில் முதலிலேயே லேசர் செய்தவர்களில் நான்கில் மூன்று பேருக்கு, மூன்று வருடம் கழித்தும் சொட்டு மருந்து தேவைப்படவில்லை. 2019-இல் வந்த முடிவு இது. எல்லோருக்கும் பொருந்தாது, ஆனாலும் மருத்துவரிடம் கேளுங்கள். லேசருக்கும் மருந்துக்கும் அடங்காதவர்களுக்கு அறுவை சிகிச்சை இருக்கிறது. நீரை வடிக்கும் குழாய்க் கருவியை மதுரையில் ஆரோலேப் குறைந்த விலையில் செய்கிறது.

ஒரு எச்சரிக்கை. கண் சிவந்தால், அரித்தால், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கலாம். போட்டதும் இதமாக இருக்கும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தொடர்ந்தால் சிலருக்கு அழுத்தம் எகிறிவிடும். ஒவ்வாமையால் கண்ணைக் கசக்கும் பிள்ளைகள்கூட இப்படிப் பார்வையை இழக்கிறார்கள். மருத்துவர் எழுதித் தராமல் அதைத் தொடவே வேண்டாம்.

உங்களில் யாருக்காவது இந்த நோய் ஏற்கெனவே இருக்கிறதா? நெதர்லாந்தில் ராட்டர்டாம் நகரில் நடந்த ஆய்வில், நோயாளிகளின் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வாழ்நாளில் இது வரும் வாய்ப்பு 100-க்கு 22 என்று கணக்கிட்டார்கள். மற்ற குடும்பங்களில் அது சுமார் 2 மட்டுமே. அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது உங்கள் தம்பியையோ அக்காவையோ கூட்டிப் போங்கள். அவர்களுடைய அழுத்தம் எவ்வளவு என்பதோடு, நரம்பு எப்படி இருக்கிறது என்றும் மருத்துவரிடம் கேளுங்கள்.