ஜாமீன் கிடைத்தும் திறக்காத சிறைக் கதவு

(இடப்பள்ளியில் நடைபெற்ற தமிழ்த் தொழிலாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இடப்பள்ளி என்றதும் கம்யூனிஸ்டுகளின் நினைவுக்கு வருவது 1950 பிப்ரவரி 28 ஆகும். இங்குள்ள காவல் நிலையத்தில் அடைக்கப்பட்டிருந்த தோழர் என்.கே. மாதவனை மீட்கத் தோழர்கள் சென்றனர். மோதலில் இரு காவலர்கள் உயிரிழந்தனர். லாக்கப்பையோ திறக்க முடியவில்லை. தொடர்ந்து நடந்த வேட்டையில் தோழர் கே.யு. தாஸ் சித்திரவதைக்குப் பலியானார். அந்த நடவடிக்கை சரியா, தவறா என்ற விவாதத்திற்குள் நான் செல்லவில்லை. விசாரணைக்கு முன்பே தண்டனை என்பதன் பொருளை நமது இயக்கம் பட்டறிந்திருக்கிறது என்பதையே நினைவூட்டுகிறேன்.

இன்று அந்தத் தண்டனையை அனுபவிப்பவர்கள் யார்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு விவரப்படி, இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூவர் மீது குற்றம் நிரூபிக்கப்படவில்லை. மக்கள் தொகையில் 16.6 சதவீதமாக உள்ள பட்டியல் சாதியினர், விசாரணைக் கைதிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. 14.2 சதவீதமாக உள்ள முஸ்லிம்களின் பங்கும் ஐந்தில் ஒன்றை நெருங்குகிறது. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் நிறத்தின் பெயரால் சந்திக்கும் அநீதி, இங்கே சாதியாகவும் மதமாகவும் நிற்கிறது.

ஜாமீன் சட்டத்தில் சாதியின் பெயர் எங்கும் இல்லை. பிறகு எப்படி இது நடக்கிறது? நீதிபதி ஜாமீன் வழங்குகிறார். ஆனால் சொத்துள்ள இருவர் ஜாமீன்தாரர்களாக வர வேண்டும். அவர்கள் உள்ளூர்க்காரர்களாக இருக்க வேண்டும் என்கிறார். நில வரி ரசீதைக் காட்டு என்கிறது நீதிமன்றம். தலைமுறை தலைமுறையாக நிலம் மறுக்கப்பட்டவரின் உறவினரிடம் அந்த ரசீது எப்படி இருக்கும்? நிலம் எப்படிப் பங்கிடப்பட்டதோ, அப்படியே சுதந்திரமும் பங்கிடப்படுகிறது.

இதை நன்கு உணர்ந்தவர் எர்ணாகுளத்தில் வாழ்ந்து மறைந்த நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர். 1957இல் தோழர் இ.எம்.எஸ். அமைச்சரவையில் சட்டம், சிறை உள்ளிட்ட துறைகளை ஏற்றிருந்தவர். 1978இல் உச்ச நீதிமன்றத்தில் மோத்தி ராம் என்ற கொத்தனாரின் வழக்கு அவர் முன் வந்தது. 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்ட மத்தியப் பிரதேச நீதித்துறை நடுவர், சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று கூறி அதை ஏற்க மறுத்திருந்தார். 1,000 ரூபாய் சொந்த ஜாமீனில் அவரை விடுவிக்க ஆணையிட்ட கிருஷ்ணய்யர், மாவட்டத்தைக் காட்டிப் பாகுபடுத்த எந்தச் சட்டமும் இடமளிக்கவில்லை என்று தெளிவுபடுத்தினார்.

ஆனால் 44 ஆண்டுகள் கழித்து நடந்தது என்ன? ஹாத்ரஸ் செல்லும் வழியில் கைதான மலையாளப் பத்திரிகையாளர் சித்திக் கப்பனுக்கு 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் வழங்கியது. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ஜாமீன்தாரர் தேவைப்பட்டார். லக்னோ பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் ரூப் ரேகா வர்மா துணிந்து முன்வந்தார். மற்றொரு வழக்கும் இருந்ததால் கப்பன் வெளியே வந்தது 2023 பிப்ரவரியில்தான். பெயர் பெற்ற ஒரு பத்திரிகையாளருக்கே இந்த நிலை.

அதே கேள்வியை நம் பக்கமும் திருப்பிப் பார்ப்போம். 2021 கிறிஸ்துமஸ் இரவில் இதே மாவட்டத்தில், கிழக்கம்பலத்தில் நடந்த மோதலுக்குப் பின் 174 வெளிமாநிலத் தொழிலாளர்கள் கைது செய்யப்பட்டனர். காவலர்களைத் தாக்கியதை யாரும் நியாயப்படுத்தவில்லை. ஆனால் தாக்கியவர் யார், அருகில் நின்றவர் யார் என்று பிரித்தறிவதற்கு முன் அத்தனை பேரும் சிறை சென்றனர். கேரளத்தில் வரி ரசீது வைத்திருக்கும் உறவினர் அவர்களில் எத்தனை பேருக்கு இருந்திருப்பார்? அப்போது இங்கு நடந்தது இடதுசாரி ஆட்சி. இதைச் சுயவிமர்சனத்துடன் சொல்லும் நேர்மை நமக்கு வேண்டும்.

திருச்சி மாவட்டத்தில் பிறந்த அருட்தந்தை ஸ்டான் சுவாமி, ஜார்கண்டில் பழங்குடி விசாரணைக் கைதிகளுக்காக நீதிமன்றம் சென்றவர். ஊபா சட்டத்தில் கைதான அவர், ஜாமீன் மறுக்கப்பட்டு 2021 ஜூலை 5 அன்று விசாரணைக் கைதியாகவே உயிர்நீத்தார். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆவது பிரிவு, முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவர் உச்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்தால் ஜாமீன் என்கிறது. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை இல்லை. ஏழையின் மீது இன்னொரு வழக்குப் போடுவது காவல்துறைக்குக் கடினமா?

நாம் என்ன செய்ய வேண்டும்? உள்ளூர் ஜாமீன்தாரரை வற்புறுத்த வேண்டாம் என்று 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது. ஜாமீன் கிடைத்து ஒரு மாதத்திற்குள் பிணைப்பத்திரம் அளிக்க இயலாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்துவது குறித்து நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்றும் கூறியது. ஜாமீனில் விடத்தக்க குற்றங்களில் ஒரு வாரத்திற்குள் ஜாமீன் தர இயலாதவரை ஏழை எனக் கருதிச் சொந்த ஜாமீனில் விட வேண்டும் என்பது சட்டம். இவற்றை ஒவ்வொரு கிளையும் தெரிந்துகொள்ள வேண்டும். வழக்கறிஞர் தோழர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகி, ஜாமீன் கிடைத்தும் உள்ளே இருப்போரின் பட்டியலைக் கேட்க வேண்டும். சொத்துள்ள தோழர்கள், தம் மொழி பேசாத தொழிலாளிக்கும் ஜாமீன்தாரராகக் கையெழுத்திட முன்வர வேண்டும்.

1950இல் இங்கே சிறைப்பட்டவர்களுக்குப் பின்னால் ஒரு கட்சி நின்றது. இன்று ஆள் இல்லாமல் உள்ளே கிடப்பவருக்கும் அந்தக் கட்சி நிற்க வேண்டும்.